அப்பாவின் நிரலில் ஒரு புள்ளடி

2011 ஆகஸ்ட் 9ஆம் திகதி இரவு. சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவுஸ்திரேலிய சென்சஸ் (குடிசன மதிப்பீடு) படிவத்தை விரித்து வைத்திருந்தேன். அப்பா முகம் கழுவி, திருநீறு பூசி, சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அரசாங்கப் படிவம் நிரப்புவதை அவர் ஒருநாளும் வீட்டு வேலையாக நினைத்ததில்லை. கறுப்புப் பேனைதானா என்று கேட்டு, தாளில் ஒருமுறை கீறிப் பார்த்த பிறகுதான் என்னைத் தொடங்கவிட்டார்.

படிவத்தில் ஆளுக்கொரு நிரல். பெயர், வயது, பிறந்த நாடு எல்லாம் ஓடிவிட்டன. பிறகு அந்த இரண்டு கேள்விகள். வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா? இத்தாலியன், கிரேக்கம், அரபு என்று சில மொழிகளுக்குப் பெட்டி இருந்தது. தமிழுக்கு இல்லை. 'வேறு' என்ற இடத்தில் எழுத்தெழுத்தாக எழுத வேண்டும். எழுதினேன். அதற்கு அடுத்தது: இவர் ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார்? மிக நன்றாக, நன்றாக, நன்றாக இல்லை, அறவே இல்லை. நாலு பெட்டி.

"அப்பா, உங்களுக்கு என்ன போட?"

"அதென்ன கேள்வி பிள்ளை? மேலை இருக்கிறதுக்குப் போடு."

போட்டேன். மிக நன்றாக.

அம்மாவிடம் கேட்டபோது அவர் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே "எனக்கு என்ன இங்கிலிஸ், கடைசிக்குப் போடு" என்றார். அறவே இல்லை என்பதில் போடப் போனேன். அது பொய் என்று பட்டது. பக்கத்து வீட்டு லெபனான்காரப் பெண்மணியோடு அம்மா வேலிக்கு மேலால் அரை மணித்தியாலம் கதைப்பார். கறிவேப்பிலை கொடுத்து, திராட்சை இலை வாங்குவார். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, அம்மாவுக்கும் அரைகுறை, ஆனால் இருவருக்கும் தெரியாத கதை அந்தத் தெருவில் இல்லை. ஆகவே 'நன்றாக இல்லை' என்று போட்டேன்.

இந்த இரண்டு புள்ளடிகளையும் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 2026 ஆகஸ்டில் அடுத்த சென்சஸ் வருகிறது. எங்கள் ஆட்கள் நிரப்புவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்றிருந்தது.

அப்பாவின் ஆங்கிலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் 1956இல், இருபது வயதில், எழுதுவினைஞராக இலங்கை அரச சேவைக்குள் போனவர். அதே வருடம்தான் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் 1960 முடியும்வரை அலுவலகங்களுக்கு அவகாசம் இருந்தது. கோப்புகள் ஆங்கிலத்திலேயே ஓடின. அப்பா ஆங்கிலத்தில் எழுதிப் பழகியது அந்தக் காலத்தில்தான். ஒரு கடிதத்தில் ஒரு சொல் கூடக் கூடாது, குறையவும் கூடாது என்ற ஆங்கிலம். பிறகு சிங்களப் பரீட்சை எழுத வேண்டிவந்தது. எழுதாவிட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும். கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்த கோடீஸ்வரன் அந்தப் பரீட்சைக்குப் போக மறுத்து, நிறுத்திய சம்பள ஏற்றத்துக்காக வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, 1967இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்று, வழக்கு 1969இல், அப்போதைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனது. அப்பா அந்தப் பெயரை மரியாதையோடுதான் சொல்வார். ஆனால் அப்பா பரீட்சை எழுதினவர். மூன்று தங்கைகள் கலியாணத்துக்கு நின்றார்கள். எழுதிச் சித்தியடைந்தார், ஏற்றத்தை வாங்கினார். அதைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

அரசாங்கம் ஒரு தாளை நீட்டி, உனக்கு இந்த மொழி எவ்வளவு தெரியும் என்று கேட்டால், அப்படிப்பட்ட மனிதர் என்ன பதில் சொல்வார்? அவருடைய வாழ்க்கையில் அந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் அதன் மறுபக்கத்தில் சம்பளமோ வேலையோ இருந்தது. 'நன்றாக இல்லை' என்று அவர் எந்தத் தாளிலும் போட்டிருக்க மாட்டார். இது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

2013இல் அப்பாவை ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதிக்குக் கூட்டிப்போனேன். பதிவு மேசையில் இருந்த பெண் அதே கேள்விகளைக் கேட்டார். பிறந்த நாடு, வீட்டு மொழி, உரைபெயர்ப்பாளர் வேண்டுமா? நான் வாய் திறக்க முன்னமே அப்பா நிமிர்ந்து நின்று, தன் கச்சேரி ஆங்கிலத்தில், தேவையில்லை அம்மணி என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். 'வேண்டாம்' என்று பதிந்தார்கள். அந்தப் பதிவு அதற்குப் பிறகு அப்பா போன ஒவ்வொரு இடத்துக்கும் அவரோடு போனது.

மூன்று சந்திப்புகளுக்கு நான் கூடப் போனேன். பிறகு வேலையில் விடுப்பு எடுக்க முடியவில்லை; அப்பாவும் தான் தனியப் போவேன் என்றார். ஏழு மாதம் அப்படிப் போனார். வீட்டுக்கு வந்தால் "எல்லாம் சரியாம்" என்பார். அவருக்குச் சிறுநீர் போவதில் கடும் கஷ்டம் இருந்தது. இரவில் ஆறேழு தரம் எழும்புவார், சில நாள் இரத்தமும் போயிருக்கிறது. எங்களுக்கும் சொல்லவில்லை, வைத்தியருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் அடைத்துக்கொண்டு, வலியில் துடித்து, அம்புலன்ஸ் எடுத்துப் போனபோதுதான் தெரியவந்தது. புரஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்கும் போயிருந்தது.

வாட்டில் வைத்து அழாக்குறையாகக் கேட்டேன். "ஏனப்பா சொல்லேல்லை? டொக்டர் கேக்கேல்லையே?"

அப்பா நெடுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பெடியன் ஒவ்வொரு முறையும் வாட்டர்வர்க்ஸ் எப்பிடி எண்டு கேக்கிறவன். நான் நல்லம் எண்டனான்."

ஆங்கில நாடுகளில் சிறுநீர் போவதைப் பற்றி நாகரிகமாக விசாரிக்கும் சொல் அது. அப்பாவுக்கு யூரின் தெரியும், பிளாடர் தெரியும், ரிட்டென்ஷன் என்றாலும் விளங்கியிருக்கும். வாட்டர்வர்க்ஸ் என்றால் அவருக்கு நீர்வழங்கல் திணைக்களம். வயதானவர் என்றபடியால் வீட்டுத் தண்ணீர் வசதி பற்றி விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அவுஸ்திரேலியாவில் எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சியும் இருக்கிறார். 'ஹவ் ஆர் யூ ட்ரவலிங்' என்று அதே வைத்தியர் கேட்டதற்கு பஸ்ஸில் என்று பதில் சொல்லியிருக்கிறார். உடம்பு எப்படி, சமாளிக்கிறீர்களா என்பதை இங்கே அப்படிக் கேட்பார்கள்.

"விளங்கேல்லை எண்டு ஒருக்கா சொல்லியிருக்கலாமே அப்பா."

"எனக்கு விளங்கேல்லை எண்டே எனக்குத் தெரியேல்லையே, பிள்ளை."

வைத்தியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்த தாளில் உரைபெயர்ப்பாளர் வேண்டாம் என்று இருந்தது. எதிரே இருந்தவர் தன்னைவிடத் திருத்தமான இலக்கணத்தோடு பதில் சொன்னார்.

அப்பாவை அதற்குப் பிறகு நாலரை வருடம் வைத்திருந்தோம். முதல் நாளே கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வைத்தியரிடமும் நான் கேட்கவில்லை.

அதே காலத்தில் அம்மாவுக்குச் சீனி வருத்தமும் கண்ணில் புரையும் இருந்தன. அம்மா முதல் நாளே "எனக்கு இங்கிலிஸ் தெரியாது" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு சந்திப்புக்கும் உரைபெயர்ப்பாளர் வந்தார், அல்லது தொலைபேசியில் இணைத்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்குத் தன் இன்சுலின் எத்தனை அலகு, எந்த நேரம், கால் விரலில் காயம் பட்டால் என்ன செய்வது எல்லாம் ஒப்புவிக்கும் அளவுக்குத் தெரியும். நாலு பெட்டியில் மேலே நின்றவர் ஒன்றும் அறியாமல் வந்தார். கீழே நின்றவர் எல்லாம் அறிந்து வந்தார்.

அப்பா போனபிறகு நான் உரைபெயர்ப்பாளர் பரீட்சை எழுதினேன். நாட்டி என்கிற அமைப்புத்தான் அந்தச் சான்றிதழைக் கொடுப்பது, 1977இலிருந்து இருக்கிறது. இப்போது அதுதான் என் தொழில். வேலையில் கேட்பதை வெளியே ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். அதனால்தான் இந்தப் பதிவில் என் வீட்டு ஆட்களைத் தவிர ஒருவரும் இல்லை.

தொழிலுக்கு வந்தபிறகு அந்தச் சென்சஸ் கேள்வியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அவரவர் சொல்வதுதான் கணக்கு. புள்ளிவிபரத் திணைக்களத்தின் சென்சஸ் அகராதியே இதை ஒளிக்காமல் சொல்கிறது: கடைக்குப் போய்ச் சாமான் வாங்குமளவு பேசத் தெரிந்தாலே ஒருவர் 'நன்றாக' என்று போடலாம்; இன்னொருவர் சகஜமாக உரையாட முடிந்தால்தான் அப்படிப் போடலாம் என்று நினைக்கலாம். எங்கள் வீட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று எழுதியது போல இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அமெரிக்காவிலும் இதே நாலு பெட்டிதான். அங்கே 'மிக நன்றாக' என்பதற்குக் கீழே எதைப் போட்டாலும் ஆங்கிலத்தில் மட்டுப்பட்ட தேர்ச்சி உள்ளவர் என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே வழக்கமாகக் கீழுள்ள இரண்டு பெட்டிகளைத்தான் சேர்த்து எண்ணுகிறார்கள். 2021இல் அந்த இரண்டிலும் விழுந்தவர்கள் நாடு முழுக்க 8 இலட்சத்து 50 ஆயிரம் பேர் அளவில், சனத்தொகையில் 3.4 வீதம். வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பயன்படுத்துகிறவர்களோ 56 இலட்சத்துக்கு மேல். என் அப்பாவைப் போன்றவர்கள் அந்த 3.4 வீதத்துக்குள் வரவே மாட்டார்கள்.

எங்கள் சமூகத்துக்கு இங்கே ஆங்கிலம் தெரிந்த சமூகம் என்று பெயர். பெரும்பாலும் அது உண்மைதான். தொழில் விசாவில் வருகிறவர்கள் ஆங்கிலப் பரீட்சை எழுதித்தான் வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 2011இல் 50,000க்கு மேல், 2016இல் 73,000க்கு மேல், 2021இல் 95,000க்கு மேல். இந்தத் தொகையில் இளம் பொறியியலாளர்களும் தாதிமாரும் கணக்காளர்களும் நிறைய. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் பேரப்பிள்ளை பார்க்க வந்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நிரலை நிரப்புவது அந்தப் பிள்ளைகள். அப்பா அம்மாவைக் குறைத்துக் காட்ட ஒரு பிள்ளைக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை. ஓர் ஊரில் எந்த மொழியில் துண்டுப்பிரசுரம் அடிப்பது, எந்த மொழிக்கு ஆள் வைப்பது என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்களைத்தான். மரியாதைக்காகப் போடும் ஒவ்வொரு 'மிக நன்றாக'வும் இங்கே தமிழில் ஒன்றும் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

2021 சென்சஸ் வந்தது லொக்டவுனுக்குள். எங்கள் கம்பர்லண்ட் நகரசபைப் பகுதி கடும் கட்டுப்பாட்டில் இருந்தது. நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் உரைபெயர்ப்புச் செய்வேன். காலை பதினொரு மணிக்கு மாநிலப் பிரதமர் கிளாடிஸ் பெரெஜிக்லியன் தொலைக்காட்சியில் வருவார். அம்மா முன்னால் இருந்து எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்வார். அந்தப் பிரதமரும் ஐந்து வயதுவரை ஆர்மேனியன் மட்டுமே பேசினவர் என்று ஒருநாள் சொன்னேன். "அப்ப அவவின்ரை தாய்க்கு ஆர் விளங்கப்படுத்தினது?" என்று கேட்டார் அம்மா. நல்ல கேள்வி.

இந்த முறை படிவம் இணையத்தில். பேசுகிறாரா என்று இருந்ததைப் பயன்படுத்துகிறாரா என்று மாற்றியிருந்தார்கள், சைகை மொழிக்காரரையும் சேர்ப்பதற்காக. மகனுக்கு அப்போது பதினாறு. தன் பகுதியைத் தானே நிரப்புவேன் என்று மடிக்கணினியை வாங்கினான். எட்டிப் பார்த்தேன். 'இல்லை, ஆங்கிலம் மட்டும்' என்று தெரிவுசெய்திருந்தான்.

எனக்கு நெஞ்சு விறைத்துவிட்டது. சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை. ஏன் என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. "அம்மா, நீங்களும் நானும் எந்த மொழியில் கதைக்கிறோம்?"

அவன் சொன்னது உண்மை. அவன் முதலாம் வகுப்பில் படிக்கும்போது வகுப்பு ஆசிரியை ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஆங்கிலம் பிந்துகிறது, வீட்டில் ஆங்கிலம் கதையுங்கள் என்று சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னார். நானும் பயந்துபோய் அன்று பின்னேரமே மாறினேன். ஆறு மாதத்தில் அவன் ஆங்கிலம் வந்துவிட்டது, எப்படியும் வந்திருக்கும். நான் மட்டும் பழையபடி தமிழுக்குத் திரும்பவில்லை. இரண்டு மொழியோடு வளர்கிற பிள்ளைக்கு வீட்டு மொழியை நிறுத்துவதால் பள்ளி மொழி கூடுவதில்லை என்பதை இன்றைக்கு ஆசிரியர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். எனக்கு அது பத்து வருடம் பிந்தித் தெரிந்தது.

அம்மா இருந்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பு, என்னோடை என்ன பாஷையிலை கதைக்கிறனி?"

"தமிழிலை, அம்மம்மா."

"நான் இந்த வீட்டிலைதானே இருக்கிறன்?"

அவன் ஒன்றும் பேசாமல் பின்னுக்குப் போய், தெரிவை மாற்றித் தமிழ் என்று போட்டான். அடுத்த கேள்வி உடனே திரையில் வந்தது. இந்த நபர் ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார்?

அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் இங்கை பிறந்தனான். ஏன் என்னைக் கேக்கினம்?" ஆங்கிலம் மட்டும் என்று போட்டிருந்தால் இந்தக் கேள்வி அவனுக்கு வந்தே இராது. அதைத் தாண்டிக்கொண்டு போகும். தமிழ் என்று சொன்னவுடன்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அப்பாவைத்தான் தெரிந்தது. அதே நிமிர்வு, அதே காயம். தேவை அறிவதற்காகக் கேட்கிறார்கள், இது பரீட்சை இல்லை என்று விளக்கினேன். அவன் 'மிக நன்றாக' என்று அழுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை அது சரியான பதிலும்கூட.

தமிழர் எத்தனை பேர் என்று இந்த நாட்டில் அறிய, மொழிக் கேள்விதான் முக்கியமான வழி. பிறந்த நாடு என்று பார்த்தால் நாங்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கரைந்துபோவோம். இங்கே பிறந்த பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில் கரைவார்கள். வம்சாவளிக் கேள்வியில் தமிழ் என்று எழுதலாம்; பலர் எழுதுவதில்லை. வீட்டில் இரண்டு மூன்று மொழி இருந்தாலும் ஆங்கிலத்துக்குப் புறம்பாக ஒன்றைத்தான் எழுத விடுகிறார்கள், அதிகம் பயன்படுத்துவதை. ஆகவே பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் கதைக்கிற வீடுகள் தயங்காமல் தமிழ் என்று எழுத வேண்டும். அம்மம்மாவோடு மட்டும் தமிழ் கதைத்தாலும் எழுதலாம். அது பொய்யில்லை.

அப்பா அம்மாவின் நிரலை நிரப்பும்போது கடையையும் கோயிலையும் மனதில் வைக்காதீர்கள். மேஸ்ஹில் முருகன் கோயில் வாசலில் யாரோடாவது இரண்டு வார்த்தை ஆங்கிலம் பேசுவதைப் பார்த்துவிட்டு 'நன்றாக' என்று போடாதீர்கள். சத்திரசிகிச்சைக்கு முன்நாள் ஓர் இளம் வைத்தியர் அவசரமாக, அவுஸ்திரேலிய உச்சரிப்பில், வளைத்து வளைத்துச் சொல்வதைக் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்ல அவர்களால் முடியுமா? அதை மனதில் வைத்துப் போடுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையிலும் அப்படித்தான். உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்வதற்கு ஆங்கிலம் தெரியாதவராக இருக்கத் தேவையில்லை. அரச ஆஸ்பத்திரிகளில் அதற்குக் காசும் இல்லை. மற்ற இடங்களுக்கு 131 450 என்ற தொலைபேசி இலக்கத்தில் எந்த நேரமும் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 1973இல் தொடங்கிய சேவை. அந்த இலக்கம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இப்போது ஒட்டியிருக்கிறது. அப்பாவின் காலத்தில் ஒட்டியிருக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. பிந்திப் படித்தது முந்திப் போகிறது. ஆங்கிலம்தான் முதலில் கழன்றது. லெபனான்காரப் பெண்மணி வேலிக்கு அப்பால் நின்று கையசைத்தால் அம்மா தமிழிலேயே சுகம் விசாரிக்கிறார், அவர் அரபியில் பதில் சொல்கிறார். இந்த முறை அம்மாவின் நிரலில் கடைசிப் பெட்டிதான்.

மகன் இப்போது மெல்பேர்னில், மூன்று சிநேகிதர்களோடு ஒரு வீட்டில் இருக்கிறான். போன கிழமை எடுத்தான். "அம்மா, இந்த முறை நான் தனியத்தான் நிரப்ப வேணும். இந்த வீட்டிலை முழுக்க இங்கிலிஸ்தான். ஞாயிற்றுக்கிழமையில அம்மம்மாவோடை போனிலை மட்டும்தான் தமிழ். நான் என்ன போட?" தமிழில் கேட்டான், சில சொற்களைத் தேடித் தேடி. எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டார். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "ஆரப்பு, நீயே? சாப்பிட்டியே?" என்று தொடங்கினார். அரை மணித்தியாலத்துக்குப் போன் என் கைக்கு வரவில்லை.